சத்தம் வருமுன்

புயல் எச்சரிக்கை. குளச்சலில் ஏலம் இல்லை.
திங்கள்சந்தையில் சோபனராஜ் கடை ஷட்டர் ஏறுமுன்பே
வண்டியைச் சாய்த்து நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.
தொண்ணூற்றொன்பது மாடல் ஸ்பிளெண்டர்,
பின்னால் ஐஸ் பெட்டி வைக்கும் கம்பிக்கூடு
உப்பில் பொரிந்து, தொட்டால் உதிரும்.

'என்னவே கோளாறு?'
ஒன்றுமில்லை.
'புகை?'
இல்லை.
'சத்தம்?'
இன்னும் இல்லை.
'பின்ன, ஓடுத வண்டிய எதுக்குவே பிரிக்கணும்?'

மூக்கை நம்பி நான் மீன் எடுத்ததில்லை.
செவுளை விரலால் தூக்கி
உள்ளே சிவப்பா, பழுப்பு ஏறத் தொடங்கிவிட்டதா என்று பார்ப்பேன்.
நாறிய பிறகு தெருநாய்கூடச் சொல்லிவிடும்.
இதை அவனிடம் சொல்லவில்லை.
'பிரியும்' என்றேன்.

ஹெட் கழன்றது, பிளாக் கழன்றது.
கேம் செயினைப் பக்கவாட்டில் படுக்கப் பிடித்துக் காட்டினான்.
புதுசு விறைத்து நிற்கும்.
இது ஐஸ் படாத அயிலை போல
இரண்டு பக்கமும் தொங்கியது.
ரிங்கை சிலிண்டருக்குள் இறக்கி
அதன் வாய் இடைவெளியில் தகடு விட்டான்.
மெல்லிசு போனது. தடிசு போனது.
அதைவிடத் தடிசும் போனது.
அப்புறம்தான் குரல் இறங்கியது:
'இத வச்சா பேச்சிப்பாறை ஏத்தம் ஏறிட்டிருந்தீரு?'

தினமும். நாற்பது கிலோ மீனோடு.
குலசேகரம் தாண்டினால் பகலிலும் ரப்பர் இருட்டு.
அணைக்கும் மேலே, குற்றியாறு போகும் வழியில்
போனில் ஒரு கோடுகூட விழாது.
அங்கே வண்டி நின்றால்
செத்த மீன் இன்னொரு தடவை சாகும்,
கூடவே அன்றைக்குப் போட்ட முதலும்.

சிகரெட் அட்டையைக் கிழித்து எழுதினான்.
பிஸ்டன் செட், கேம் செயின், டென்ஷனர்,
வால்வு சீல் இரண்டு, கிளட்ச் பிளேட்,
போரிங் கூலி நாகர்கோவிலில் தனி.
ஏழாயிரத்து எண்ணூறு.

பெல்சிட்டா போனில் கேட்டாள்:
'மாத்தினா வேகம் கூடுமா?'
கூடாது.
'பெட்ரோலு மிச்சமா?'
கொஞ்சம்போல.
'அப்ப எதுக்குத்தான் இவ்வளவு ரூவா?'
எதுவும் நடக்காமல் இருப்பதற்கு,
என்று சொல்ல நாக்கு எழவில்லை.
நடக்காத ஒன்றை எங்கே தொட்டுக் காட்டுவது?
நகையென்றால் கழுத்தில் கிடக்கும்.
ஆஸ்பத்திரிச் செலவுக்குக்கூட ஒரு தழும்பு இருக்கும்.

அரை மணியில் அண்ணன் வந்து நின்றான்.
என்னைத் தடுக்க அவள்தான் அனுப்பியிருக்க வேண்டும்.

ஆன்றூஸின் வள்ளத்தில் எஞ்சின் சூடேறி நின்ற கதை
எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.
அவன் மட்டும் சொன்னதில்லை.
கடல் தண்ணீரை இறைத்து எஞ்சினைக் குளிர வைக்கும்
உள்ளங்கை அளவு ரப்பர் சக்கரம்.
முந்நூற்று நாற்பது ரூபாய்.
இந்த சீசன் ஓடட்டும் என்று விட்டிருந்தான்.
மூன்றாம் நாள் கொல்லத்துப் படகு ஒன்று கட்டி இழுத்து வந்தபோது
உதடெல்லாம் வெடிப்பு.
கைக்குள் தண்ணீர்க் கேனின் மூடி.
விரல்களை விரிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

இப்போது அவன் குந்தி உட்கார்ந்தான்.
பெட்ரோல் தட்டில் கிடந்தவற்றை
கூடையில் பொடிமீன் பொறுக்குகிற மாதிரி ஒதுக்கி ஒதுக்கி
செயினுக்கு வழிவிடும் சின்ன ரப்பர் உருளையை எடுத்தான்.
நகத்தால் அழுத்தினான்.
தடம் விழவில்லை.

'அது இன்னும் ஒரு வருசம் வரும்' என்றான் சோபனராஜ்.

அண்ணன் அதைத் தட்டில் திரும்பப் போடவில்லை.
சட்டைப் பையில் வைத்துக்கொண்டு
'இதையும் எழுதும்' என்றான்.

அட்டையின் அடியில்,
கூட்டிப் போட்ட தொகைக்கும் கீழே,
இடமில்லாமல் சாய்த்து:
ரப்பர் ஒன்று. அறுபது ரூபாய்.